‘பார்த்தவுடனே தெரிஞ்சிடுச்சு சார்!’ - வேலைக்கு ஆள் எடுக்கும்போது நம்ம மூளை எங்கே ஏமாறுகிறது? விரிவான விளக்கம்

வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "பதினைஞ்சு வருஷமா இன்டர்வியூ எடுக்குறேன் சார். கதவைத் திறந்து உள்ள வரும்போதே சொல்லிடுவேன், இவர் தேறுவாரா மாட்டாரான்னு."

சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றுகிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவர் 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பியவர் வேறொரு கம்பெனியில் போய் எப்படி வேலை பார்த்தார் என்பது இவருக்குத் தெரியவே போவதில்லை. எடுத்தவர்களில் நன்றாக வந்தவர்கள் மட்டும் நினைவில் நிற்பார்கள். சரியாக வராதவர்களுக்கு "அவனுக்கு வீட்டுல பிரச்னை" என்று ஒரு காரணம் கிடைத்துவிடும். ஆகவே 15 வருட அனுபவத்தில் அவர் தன் தப்பைச் சந்திக்கும் வாய்ப்பே வந்திருக்காது.

ஆள் எடுப்பது, இன்க்ரிமென்ட் போடுவது, புரமோஷன் கொடுப்பது, ஆட்குறைப்பு வந்தால் யார் பெயரை எழுதுவது... இந்த முடிவுகள் எல்லாமே ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பற்றி வைத்திருக்கும் கணிப்பின் மேல்தான் நிற்கின்றன. அந்தக் கணிப்பு எப்படி உருவாகிறது? ஆய்வுகள் என்ன சொல்கின்றன? சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கிறது? பார்க்கலாம்.

முகத்தைப் பார்த்து முடிவு செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடரோவ் இருவரும் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத முகங்களின் புகைப்படங்களை வெறும் 100 மில்லி செகண்ட், அதாவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, "இவர் நம்பத்தகுந்தவரா? திறமையானவரா?" என்று கேட்டார்கள். வேறு சிலருக்கு நேரக் கட்டுப்பாடே இல்லாமல் அதே படங்களைக் காட்டினார்கள். இரண்டு தரப்பின் பதில்களும் பெருமளவு ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்ததால் கணிப்பு மாறவில்லை, "நான் சொன்னது சரிதான்" என்ற நம்பிக்கை மட்டும்தான் கூடியது.

இதை "முதல் பார்வையே சரியானது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முகத்தைப் பார்த்துத் தோன்றியது உண்மையா என்பதை இந்த ஆய்வு சோதிக்கவே இல்லை. தோன்றுவது எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது, பிறகு அதை மாற்றிக்கொள்ள நாம் எவ்வளவு தயங்குகிறோம் என்பதைத்தான் இது காட்டியது. இன்டர்வியூ அறையில் மீதமுள்ள அரை மணி நேரம் பெரும்பாலும் அந்த முதல் நொடிக்கு ஆதாரம் தேடுவதில் போய்விடுகிறது. பிடித்துப்போனவரிடம் எளிதான கேள்வி, பிடிக்காதவரிடம் மடக்கும் கேள்வி. கடைசியில் "நான் நினைச்சது சரியாத்தான் இருந்துச்சு" என்று எழுந்து வருவோம். உளவியலில் இதற்கு உறுதிப்படுத்தும் சார்பு என்று பெயர்.

1920-ல் பெயர் வைக்கப்பட்ட 'ஒளிவட்டம்'

எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1920-ல் ஒரு கட்டுரை எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கு உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை எனத் தனித்தனியாக மதிப்பெண் போட்டிருந்தார்கள். அந்த மதிப்பெண்களை வைத்துப் பார்த்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. உடல்வாகில் நல்ல மார்க் வாங்கியவர் அறிவிலும் நல்ல மார்க் வாங்கியிருந்தார், தலைமைப் பண்பிலும் வாங்கியிருந்தார். நிஜ வாழ்க்கையில் இந்தக் குணங்கள் இவ்வளவு நெருக்கமாக ஒட்டிக்கொண்டு வருவதில்லை. ஒன்று பிடித்துப்போனால் அந்த வெளிச்சம் மற்ற எல்லாவற்றின் மேலும் படிந்துவிடுகிறது. சாமி படங்களில் தலைக்குப் பின்னால் இருக்குமே, அந்த ஒளிவட்டத்தின் பெயரையே தார்ண்டைக் இதற்கு வைத்தார்.

நம்ம ஊரில் இந்த ஒளிவட்டத்தை அதிகம் தருவது ஆங்கிலம். அக்கவுன்ட்ஸ் வேலைக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் ஜி.எஸ்.டி. கணக்கைத் தப்பில்லாமல் போடுவார், ஆனால் ஆங்கிலத்தில் திணறுவார். இன்னொருவர் சரளமாகப் பேசுவார், கணக்கில் சுமார். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசும் வேலை என்றால் ஆங்கிலத்துக்கு மார்க் போடுவது நியாயம். பில்லும் லெட்ஜரும் பார்க்கும் வேலைக்கு "ஆளு ஷார்ப்பா இருக்கார்" என்று இரண்டாமவரை எடுத்தால், அங்கே தேர்வாவது கணக்கு இல்லை, பேச்சு.

தாறுமாறாகப் பதில் சொன்னாலும் யாரும் கண்டுபிடிக்கவில்லை!

"முகத்தை விடுங்க, அரை மணி நேரம் பேசினா தெரிஞ்சிடாதா?" என்று கேட்கலாம். இதைச் சோதிக்க ஜேசன் டானா, ராபின் டாஸ், நேதனியல் பீட்டர்சன் ஆகியோர் செய்த ஆய்வு 2013-ல் வெளியானது. மாணவர்கள் சிலரிடம், வேறு மாணவர்களின் அடுத்த செமஸ்டர் மதிப்பெண்ணைக் கணிக்கச் சொன்னார்கள். பழைய மதிப்பெண் கையில் இருக்கும். சிலருக்கு அதோடு நேரில் பேட்டி எடுக்கும் வாய்ப்பும் கொடுக்கப்பட்டது.

முடிவு என்ன தெரியுமா? பேட்டி எடுத்துவிட்டுக் கணித்ததைவிட, பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணித்ததுதான் உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. அதாவது பேட்டி உதவவில்லை, இருந்ததையும் கெடுத்தது.

இன்னொரு வேலையும் செய்தார்கள். சில பேட்டிகளில், பதில் சொல்பவரிடம் "உண்மையைச் சொல்லாதே, ஒரு விதிப்படி ஆமாம் அல்லது இல்லை என்று ஏதாவது சொல்" என்று ரகசியமாகச் சொல்லி வைத்தார்கள். கேள்வியில் வரும் எழுத்தை வைத்துப் பதில், அவ்வளவுதான். இதைப் பேட்டி எடுத்தவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அர்த்தமே இல்லாத அந்தப் பதில்களைக் கோத்து, எதிரே இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு முழுக் கதையை மனதுக்குள் எழுதிக்கொண்டார்கள்.

மனித மூளை கதை கட்டுவதில் கெட்டிக்காரத்தனம் கொண்டது. கிடைத்தது குப்பையாக இருந்தாலும் அதில் கதை வந்துவிடும்.

இது ஆய்வுக்கூட விஷயம் என்று ஒதுக்கவும் முடியாது. 1979-ல் ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு, இன்னும் 50 மாணவர்களைச் சேர்க்கச் சொல்லி மாகாணச் சட்டமன்றம் உத்தரவிட்டது. சேர்க்கை அதற்குள் முடிந்திருந்தது. அதனால் இன்டர்வியூவில் பின்தங்கி முதலில் நிராகரிக்கப்பட்டவர்களிலிருந்து 50 பேரை எடுக்க வேண்டியதாயிற்று. பின்னால் படிப்பிலும், மருத்துவமனைப் பயிற்சியிலும், பட்டம் வாங்கியதிலும் இரண்டு குழுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. அந்த உத்தரவு மட்டும் வராமல் போயிருந்தால் அந்த 50 பேரும் "இன்டர்வியூவில் தேறாதவர்கள்" என்றே இருந்திருப்பார்கள். கல்லூரியும் தன் தேர்வு முறை பிரமாதம் என்று நம்பிக்கொண்டே இருந்திருக்கும்.

பெயரைப் பார்த்தே ஒதுக்குகிறார்களா?

இன்டர்வியூ வரைக்கும் போனவர்கள் கதை இது. அழைப்பே வராதவர்கள் கதை வேறு.

சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் இந்தியாவில் செய்த ஆய்வு 2007-ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி' இதழில் வந்தது. ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன வேலை விளம்பரங்கள் 548-ஐ எடுத்துக்கொண்டு, 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒரே மாதிரி. மாறியது பெயர் மட்டும்: உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம் என அடையாளம் தெரியும் பெயர்கள். அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை ஒப்பிட்டபோது, உயர்சாதிப் பெயருக்கு 1 என்றால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33.

இதே போல 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் இருவரும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் சுமார் 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் கொண்டவருக்கு 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயர் என்றால் அதே ஓர் அழைப்புக்கு 15 விண்ணப்பம் போட வேண்டியிருந்தது.

ஆனால் எல்லா ஆய்வும் ஒரே பாட்டைப் பாடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெர்ட்ரண்ட், முல்லைநாதன் இருவரும் அபிஜித் பானர்ஜி, சௌகதோ தத்தா ஆகியோருடன் சேர்ந்து டெல்லியில் செய்த ஆய்வு 2009-ல் வெளியானது. சாஃப்ட்வேர் வேலைகளில் சாதி அடிப்படையில் பாகுபாடு இருப்பதற்கான ஆதாரம் அதில் கிடைக்கவில்லை. கால் சென்டர் வேலைகளில்தான் உயர்சாதிப் பெயர்களுக்கும் பிற்படுத்தப்பட்டோர் பெயர்களுக்கும் இடையே தெளிவான இடைவெளி தெரிந்தது. இதில் ஒரு பாடம் இருக்கிறது. சாஃப்ட்வேரில் "இந்த மொழி தெரியுமா, தெரியாதா" என்று சரிபார்க்க ஏதோ ஒன்று கையில் இருக்கிறது. "பேச்சு எப்படி, பழக்கம் எப்படி" என்று பார்க்கும் வேலைகளில் அளவுகோல் வழுக்குகிறது. அளவுகோல் வழுக்கும் இடத்தில்தான் முன்முடிவு வந்து உட்காருகிறது.

'தமிழ்நாட்டில் யாரும் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே?' என்ற கேள்வி எழலாம். உண்மைதான், இனிஷியல் மட்டும் போடும் வழக்கத்தால் விண்ணப்பத்தைப் பார்த்ததும் சாதி தெரிவது இங்கே குறைவு. (மதம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.) ஆனால், "எந்த ஊர் தம்பி? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்?" என்ற கேள்விகள் இருக்கின்றனவே. சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் டெல்லியில் மனிதவள மேலாளர்களிடம் பேசி 2007-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் தொட்டது. "நாங்க தகுதியை மட்டும்தான் பார்க்கிறோம்" என்று சொன்ன அதே மேலாளர்கள், "குடும்பப் பின்னணியையும் விசாரிப்போம்" என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் தொழிற்சாலை பற்றி 2024 ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்பது செய்தி. குடும்பப் பொறுப்பு அதிகம், கர்ப்பமாவார்கள், லீவு போடுவார்கள் என்பவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. தாலியும் மெட்டியும் உற்பத்திக்கு இடைஞ்சல் என்ற காரணமும் அதில் இருந்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது, தேசிய மனித உரிமைகள் ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது. திருமண நிலை, பாலினம், மதம் என எதன் அடிப்படையிலும் தாங்கள் பாகுபாடு காட்டுவதில்லை என்று ஃபாக்ஸ்கான் மறுத்தது.

அந்த ஒரு நிறுவனத்தைத் தாண்டி, இந்தக் காரணங்களின் வடிவத்தைக் கவனியுங்கள். "இந்த மாதிரிப் பெண்கள் பொதுவா இப்படி" என்று ஒரு சராசரியை எடுத்து, எதிரே நிற்கும் ஒரு குறிப்பிட்ட பெண்ணின் மேல் ஒட்டுகிறார்கள். முகத்தைப் பார்த்து வரும் சார்பு சொல்பவருக்கே தெரியாமல் நடப்பது. இது அப்படி இல்லை. இது கணக்குப் போட்டு, நிர்வாகத் திறமை என்ற பெயரில் நடப்பது. பொருளாதார வல்லுநர்கள் இதைப் புள்ளிவிவரப் பாகுபாடு என்கிறார்கள். லீவு போடாத, மாமியாரிடம் குழந்தையை விட்டுவிட்டு ஷிஃப்டுக்கு வரத் தயாராக இருக்கும் பெண்ணுக்கு அதைச் சொல்ல ஒரு வாய்ப்பே கிடைக்காது. கேட்டின் முன்னாலேயே பதில் எழுதப்பட்டுவிடுகிறது. அதே வயதில் கல்யாணமான ஆணிடம் "பொறுப்பு வந்திருக்கும்" என்று அதே தகவல் பிளஸ் பாயின்டாக மாறும்!

அப்ரைசல் மார்க் உண்மையில் யாருடையது?

வேலைக்குள் வந்த பிறகும் கதை முடிவதில்லை. வருஷம் முழுக்க உழைத்தவர் மார்ச் மாதம் ஒரு தப்பு செய்தால், ஏப்ரலில் எழுதும் அப்ரைசலில் அந்தத் தப்புதான் பெரிதாகத் தெரியும். அண்மையில் நடந்தது கண்ணில் நிற்கும், பத்து மாதத்துக்கு முன் நடந்தது மங்கிவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல், மார்க் போடும் கை. சிலர் தாராளக் கை, சிலர் கஞ்சக் கை. ஸ்டீவன் ஸ்கல்லன், மைக்கேல் மவுன்ட், மேனார்ட் காஃப் ஆகியோர் 2000-ல் வெளியிட்ட ஆய்வு, ஆயிரக்கணக்கான மேலாளர்களுக்குப் பலர் போட்ட மதிப்பெண்களை அலசியது. மதிப்பெண்களில் தெரிந்த ஏற்ற இறக்கத்தில் பாதிக்கும் மேல், மார்க் போட்டவரின் தனிப்பட்ட போக்கிலிருந்து வந்தது. வேலை செய்தவரின் திறமையிலிருந்து வந்த பங்கு அதைவிடக் குறைவு. ஆக, உங்க அப்ரைசல் பேப்பர் உங்களைப் பற்றிச் சொல்வதைவிட உங்க மேலாளரைப் பற்றி அதிகம் சொல்லக்கூடும்.

உளவியலாளரும் நோபல் பரிசு பெற்றவருமான டேனியல் கானமன், ஒலிவியே சிபோனி, காஸ் சன்ஸ்டீன் ஆகியோருடன் சேர்ந்து 2021-ல் எழுதிய 'நாய்ஸ்' புத்தகத்தில் ஓர் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கதை வருகிறது. ஒரே கேஸை அங்கே உள்ள பல ஊழியர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து பிரீமியம் கணிக்கச் சொன்னார்கள். "இரண்டு பேர் சொல்வதற்கு இடையே 10% வித்தியாசம் வரலாம்" என்று நிறுவன அதிகாரிகள் எதிர்பார்த்தார்கள். வந்தது 55%. யாரும் யார் மேலும் வெறுப்பு வைக்கவில்லை, சாதி மதம் எதுவும் இல்லை. ஃபைல் யார் டேபிளுக்குப் போனது என்பது மட்டுமே தொகையை மாற்றியது.

இங்கே ஒரு விஷயம். "பசியில் இருக்கும் நீதிபதி ஜாமீன் தரமாட்டார்" என்ற தகவலை மேனேஜ்மென்ட் வகுப்புகளில் கேட்டிருப்பீர்கள். இஸ்ரேலில் பரோல் முடிவுகளை வைத்து 2011-ல் வந்த ஆய்வு அது. வழக்குகள் வந்த வரிசையே தற்செயலானது இல்லை, வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் மனுக்கள் இடைவேளைக்கு முன்பாக வந்தன என்று பின்னர் கேள்வி எழுந்தது. கேட்க சுவாரஸ்யமாக இருக்கும் எல்லா ஆய்வையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. சார்பைப் பற்றிய ஆய்வை நம்புவதிலும் நமக்குச் சார்பு உண்டு.

முதலில் சொன்ன எண் செய்யும் மாயம்

1974-ல் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் கானமனும் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை இருக்கிறது. சூதாட்டச் சக்கரம் போன்ற ஒன்றைச் சுற்றுவார்கள். 10-ல் அல்லது 65-ல் மட்டும் நிற்கும்படி அது முன்பே அமைக்கப்பட்டிருக்கும். பிறகு "ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம்?" என்று கேட்பார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் நடுமட்டப் பதில் 25. 65-ஐப் பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. இருந்தும் முதலில் கண்ணில் பட்ட எண் நங்கூரம் மாதிரி பதிலை இழுத்துப் பிடித்தது.

சம்பளப் பேச்சில் அந்தச் சக்கரத்தின் இடத்தில் இருக்கும் கேள்வி, "இப்போ எவ்வளவு வாங்குறீங்க?" கடைசி மூன்று மாத சம்பள ரசீதைக் கேட்பது இங்கே சாதாரணம். முதல் வேலையில் குறைவாக எடுத்தவர், அடுத்த வேலையிலும் அதன்மேல் 20%, 30% என்று பேசப்பட்டு, ஆயுசுக்கும் அந்த முதல் எண்ணைச் சுமக்கிறார். குழந்தைக்காக இரண்டு வருடம் இடைவெளி விட்ட பெண்கள் இதில் இரட்டை அடி வாங்குகிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ், கலிஃபோர்னியா போன்ற மாகாணங்கள், வேலைக்கு வருபவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது என்று 2018 முதல் சட்டமாக்கிவிட்டன. இந்தியாவில் அப்படி ஒரு தடை இல்லை.

கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாமா?

மனிதனுக்குத்தான் சார்பு, மெஷினுக்கு ஏது என்று தோன்றும். அமேசான் நிறுவனம் முயன்று பார்த்தது. விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க அங்கே உருவாக்கப்பட்ட ஏ.ஐ. கருவி பற்றி 2018-ல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பத்து வருடங்களில் நிறுவனத்துக்கு வந்த விண்ணப்பங்களை வைத்து அதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. மெஷின் என்ன கற்றுக்கொண்டது? 'மகளிர்' என்ற சொல் விண்ணப்பத்தில் இருந்தால், உதாரணத்துக்கு மகளிர் செஸ் கிளப் கேப்டன் என்று இருந்தால், மார்க்கைக் குறைக்க வேண்டும் என்று. கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். பழைய முடிவுகளைப் பார்த்துக் கற்கும் மெஷின், பழைய சார்பை இன்னும் வேகமாகச் செய்யும். "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு" என்ற கூடுதல் மரியாதையும் அதற்குக் கிடைத்துவிடும்.

அப்போ என்னதான் வழி?

1955-ல் இஸ்ரேல் ராணுவத்தில் 21 வயது லெப்டினன்ட் ஒருவரிடம், புதிதாகச் சேருபவர்களை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் இன்டர்வியூவைச் சீரமைக்கும் வேலை கொடுக்கப்பட்டது. அவர்தான் டேனியல் கானமன், அப்போது உளவியல் பட்டதாரி. அதுவரை நடந்த இன்டர்வியூ பொதுவான பேச்சாக இருந்தது. அது எதிர்காலத் திறமையைக் கணிக்கவே உதவவில்லை என்பது தெரிந்திருந்தது.

கானமன் ஆறு பண்புகளைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் வாழ்க்கையில் நடந்ததைப் பற்றிய கேள்விகள்: எத்தனை வேலை பார்த்தாய், நேரத்துக்குப் போவாயா, நண்பர்களோடு எவ்வளவு பழகுவாய் என்பது போல. ஒரு பண்புக்கு மார்க் போட்ட பிறகுதான் அடுத்த பண்புக்குப் போக வேண்டும். ஒட்டுமொத்தக் கருத்தைப் பற்றி அதுவரை யோசிக்கவே கூடாது. ஒளிவட்டம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இன்டர்வியூ எடுப்பவர்கள் கடுப்பானார்கள், தங்களை ரோபோ ஆக்குவதாகச் சண்டை போட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, எல்லா மார்க்கும் போட்டு முடித்த பிறகு கண்ணை மூடி, இந்த இளைஞன் எப்படிப்பட்ட சிப்பாய் ஆவான் என்று கற்பனை செய்து ஒரு மார்க் போடச் சொன்னார்.

சில மாதங்கள் கழித்துச் சரிபார்த்தபோது புதிய முறை பழையதைவிட நன்றாகக் கணித்தது. கானமனே எதிர்பார்க்காத விஷயம், கடைசியாகக் கண்ணை மூடிப் போட்ட உள்ளுணர்வு மார்க்கும் ஆறு மார்க்குகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக நன்றாகவே கணித்தது. உள்ளுணர்வு வேண்டாம் என்பதில்லை. அது வரிசையில் கடைசியாக வர வேண்டும்.

இன்று இதைத்தான் கட்டமைக்கப்பட்ட இன்டர்வியூ என்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, எந்தப் பதிலுக்கு எவ்வளவு மார்க் என்று முன்பே எழுதிவைத்த அட்டவணை. பால் சாக்கெட் குழுவினர் 2022-ல் பழைய ஆய்வுகளை மறு அலசல் செய்தபோதும், வேலைத் திறனைக் கணிப்பதில் இதுவே முதலிடத்தில் வந்தது. செலவும் கிடையாது, ஒரு தாளும் பேனாவும் போதும். ஆனாலும் பெரும்பாலான இடங்களில் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். காரணம் எளிது. தாளைப் பார்த்துக் கேள்வி கேட்பது மேலாளருக்குத் தன் அதிகாரம் குறைந்தது போலத் தெரிகிறது.

சின்ன நிறுவனம் நடத்துபவர்கள் செய்யக்கூடியது இன்னும் ஒன்று உண்டு. மூன்று பேர் இன்டர்வியூ எடுத்தால், மூவரும் பேசிக்கொள்வதற்கு முன்பே தனித்தனியாக மார்க்கை எழுதிவிட வேண்டும். முதலாளி "பையன் நல்லா இருக்கானே" என்று வாய் திறந்துவிட்டால் மற்ற இருவரும் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. முடிந்தால் அரை நாள் வேலை கொடுத்துப் பாருங்கள், அதற்குக் கூலியும் கொடுங்கள். டெய்லர் வேலைக்கு வந்தவரைத் தைக்கச் சொல்லிப் பார்ப்பது நம்ம ஊரில் காலங்காலமாக இருக்கும் முறைதான். ஏ.சி. அறைக்குப் போனதும் அது மறந்துவிடுகிறது.

பெரிய நிறுவனங்கள் விரும்பும் மருந்து வேறு: ஒரு நாள் பயிற்சி வகுப்பு. 2018 மே 29-ம் தேதி மதியம் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் 8,000-க்கும் மேற்பட்ட கடைகளை மூடி ஊழியர்களுக்கு இனச் சார்பு பற்றி வகுப்பு நடத்தியது. இத்தகைய முயற்சிகள் பற்றிய 492 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வந்த அலசல், மனதில் உள்ள சார்பைக் காட்டும் மதிப்பெண்ணில் சிறு மாற்றம் வந்தாலும் நடத்தை மாறியதற்கு ஆதாரம் இல்லை என்றது. மனதைத் திருத்துவதைவிட முறையைத் திருத்துவது சுலபம்.

மத்திய அரசு இன்டர்வியூவை எடுத்தது ஏன்?

2015 சுதந்திர தின உரையில் பிரதமர் மோடி இதைக் குறிப்பிட்டார். அதன்படி 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும், கெஜட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் இன்டர்வியூ நீக்கப்பட்டது. சிபாரிசும் லஞ்சமும் புகும் வழியை அடைப்பதே முக்கிய நோக்கமாகச் சொல்லப்பட்டது. மேல்நிலைப் பணிகளுக்கு இன்டர்வியூ தொடர்கிறது. யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீசஸில் மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் 275 ஆளுமைத் தேர்வுக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 16-வது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் உள்ளிட்டவற்றின் அடிப்படையில் வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அது அரசு வேலைக்கு. தனியார் நிறுவனம் சாதியோ மதமோ பார்த்து ஆளை ஒதுக்கினால் அதை நேரடியாகத் தடுக்கும் பொதுவான பாகுபாடு ஒழிப்புச் சட்டம் இந்தியாவில் இல்லை. இது பலருக்கும் தெரியாத விஷயம்.

துண்டு துண்டாகச் சில பாதுகாப்புகள் இருக்கின்றன. ஒரே வேலைக்கு ஆள் எடுப்பதிலும் சம்பளத்திலும் பாலினப் பாகுபாடு கூடாது என்று முதலில் 1976-ம் ஆண்டின் சம ஊதியச் சட்டமும், பிறகு 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்கின்றன. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். 2019-ம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம் வேலையில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. மகப்பேறு விடுப்பு 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம், விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். இதே 26 வாரச் சம்பளத்தை முழுக்க முதலாளியே தர வேண்டும் என்பதால், கல்யாணமான பெண்ணை எடுக்கவே தயங்கும் போக்கு கூடிவிடும் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது.

இன்டர்வியூவுக்குப் போகிறவர் என்ன செய்யலாம்?

"கல்யாணம் எப்போ?" என்று கேட்டால் சண்டை போட்டுவிட்டு வெளியே வருவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. "இந்த வேலைக்கு ஷிஃப்ட், வெளியூர்ப் பயணம் ஏதாவது இருக்கா சார்? அதுக்கு நான் தயார்" என்று, கேள்விக்குப் பின்னால் இருக்கும் சந்தேகத்துக்கு மட்டும் பதில் சொல்லலாம். பழைய சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே "இந்த வேலைக்கு நான் எதிர்பார்ப்பது இவ்வளவு" என்று உங்க எண்ணை முதலில் வைத்துவிடுங்கள். நங்கூரம் உங்க கையிலிருந்து விழட்டும்.

வேலையில் இருப்பவர்கள், ஒவ்வொரு மாதக் கடைசியிலும் முடித்த வேலைகளைத் தேதியோடு நாலு வரி எழுதி மேலாளருக்கு ஒரு மெயில் போட்டு வைக்கலாம். ஏப்ரலில் அப்ரைசல் பேசும்போது ஜூன் மாதம் செய்த வேலை அவருக்கு நினைவிருக்காது. மெயிலில் இருக்கும்.